மணலுக்குள் இருந்த அயிரை

கண்ணு,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாக இருக்கிறேன் என்றால் எனக்குக் கோபம் வரும். நலமில்லை என்றால் பெற்ற வயிறு கேட்காது. அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன். உன் மனைவி ஸ்டெல்லா இங்கே கொழிஞ்சாம்பாறையில் நம் வீட்டில் இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் பொள்ளாச்சி பஸ் ஏறி, உடுமலை வழியாக மூணாறு பக்கம் அவள் அண்ணன் வேலை செய்யும் எஸ்டேட்டுக்குப் போகப்போகிறாள் என்பது உனக்குத் தெரியாது. நேற்றுத்தான் என்னிடம் சொன்னாள். அங்கே போய்விட்டால் அவள் உன்னிடம் திரும்பி வருவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. போனில் பேசலாம் என்றால், "ரெண்டு மீனுக்காகவாம்மா இத்தனையும்?" என்று சிரித்துவிட்டு நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தை நடுவில் வைக்க முடியாது. எழுதி முடித்ததும் உன் அப்பா ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து உனக்கு அனுப்புவார். முழுவதும் படி.

அவள் வந்து இறங்கியது ஒரு மத்தியான வெயிலில். தோளில் ஒரு பை, கையில் மூடியில் ஓட்டை போட்ட பெயிண்ட் வாளி. நான் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தேன். "என்ன சாமி, தனியா வந்திருக்கறே? அவன் எங்கே?" என்று கேட்டேன். "அவருக்கு வேலை இருக்குத்தே" என்றாள். வாளியைக் கீழே வைக்கவில்லை. உள்ளே வந்து, நிழல் எங்கே என்று பார்த்து, அங்கே அதை வைத்துவிட்டுத்தான் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். நான் மூடியைத் திறந்து பார்த்தேன். கொஞ்சம் தண்ணீர், அடியில் விரல் நீளம்கூட இல்லாத இரண்டு அயிரை மீன். கொச்சியிலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் அயிரையை டிக்கெட் இல்லாமல் கூட்டி வந்திருக்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு முட்டியது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

அவை நம் வாய்க்கால் மீன்கள்தான். போன முறை வாய்க்காலில் தண்ணீர் விட்டபோது நீங்கள் இருவரும் வந்திருந்தீர்களே, நினைவிருக்கிறதா? உன் அப்பா துண்டை விரித்து ஒரு குண்டா நிறைய அயிரை பிடித்து வந்தார். நான் மிளகாய் அரைக்கப் போனேன். ஸ்டெல்லா மெதுவாகப் பக்கத்தில் வந்து, "இதுல கொஞ்சம் எனக்குத் தருவீங்களாத்தே?" என்றாள். மலைப்பக்கத்துப் பிள்ளை, அயிரைக் குழம்பென்றால் நாக்கு ஊறுகிறது போல என்று நினைத்து, "கொஞ்சமென்ன, எல்லாமே உனக்குத்தான்" என்றேன். அவள் ஒரு கை அள்ளித் தண்ணீர் பாட்டிலில் விட்டு, கொச்சிக்கே கொண்டுபோய்விட்டாள். மிச்சத்தைக் குழம்பு வைத்தோம். அவளும் ரெண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டாள். அதை வைத்து நீ அவளை வண்டி ஏறும் வரை கேலி செய்தாய். அவளும் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன் என்பதால்தான் இப்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

உங்கள் பிளாட்டில் இருக்கிற மீன்தொட்டி, கல்யாணமான புதிதில் அவளுக்கென்று நீயே ஆசையாக வாங்கி வைத்தது. அயிரைகள் வந்ததும் அதிலிருந்த கலர் கல்லையெல்லாம் எடுத்துவிட்டு அவள் மணல் பரப்பினாள். அயிரை மணலில் புதைந்து கிடக்கிற மீன். மணல் இல்லாவிட்டால் அதற்குத் தூக்கம் இல்லை, ஒளிய இடம் இல்லை, சாப்பாடும் சரியாக இறங்காது. நீ எனக்குப் போன் செய்து, "தொட்டி நெறய மண்ணும்மா. மீனே கண்ணுல படறதில்லை. வர்றவங்க காலித் தொட்டியான்னு கேக்கறாங்க" என்று சலித்துக்கொண்டாய். பிறகு உன் ஆபீஸ்காரர்கள் சாப்பிட வருகிறார்கள் என்று, அவள் லேபில் ட்யூட்டியில் இருந்த நேரம் பார்த்து, தொட்டியைச் சுத்தம் செய்தாய். மணலை மொத்தமாக வழித்துச் சாக்கில் கட்டி, கீழே இடித்த செங்கல்லும் சிமெண்டுக் கட்டியும் கிடக்கும் மூலையில் போட்டாய். நீலக் கண்ணாடிக் கல்லைக் கொட்டி, கடையில் சிவப்பு மீன் வாங்கி விட்டு, விளக்குப் போட்டாய். "அயிரை எப்பவோ செத்துப்போச்சுன்னு நெனச்சேம்மா, கண்ணுலயே படலையே" என்று என்னிடம் சொன்னாய். கண்ணில் படாததெல்லாம் இல்லாததா, கண்ணு?

சின்ன வயதிலிருந்தே உனக்கு இந்தக் குணம் உண்டு. மேட்டுக்காட்டில் கடலை விதைத்தால், முளைத்திருக்கிறதா என்று தினமும் போய்க் குச்சியால் தோண்டிப் பார்ப்பாய். அந்த வருஷம் ஒரு உழவுச் சால் முழுக்க முளைக்கவே இல்லை. உன் அப்பா திட்டவில்லை. "பையனுக்கு மண்ணு மேல நம்பிக்கை பத்தலை" என்று சொல்லிவிட்டு, உனக்குத் தெரியாமல் மறுபடி விதைத்தார். அன்றைக்கு ஒரு சால் கடலையோடு போயிற்று. நாங்களும் அதைச் சிரிப்பாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். உன் பள்ளிக்கூடக் காலத்துக் கண்ணாடித் தொட்டி மாட்டுக்கொட்டகைப் பரணில் கிடந்தது. அதை இறக்கிக் கழுவிக் கொடுத்தேன். அவள் மணல் வேண்டும் என்றாள். மதில் கட்டியதில் மிச்சமான எம்-சாண்ட் வாசலில் குவியலாகக் கிடக்கிறதே, நான் பெருமையாக ஒரு பேசின் நிறைய அள்ளிக்கொண்டு போனேன். அவள் அதில் ஒரு சிட்டிகை எடுத்து, என் கையைத் திருப்பி, மணிக்கட்டின் உள்பக்கம் வைத்து லேசாகத் தேய்த்தாள். சுள்ளென்றது. "பாறைய ஒடைச்ச மண்ணுத்தே. ஓரமெல்லாம் கூரா இருக்கும். இதுக வாயையும் மீசையையும் வச்சு மண்ணத் துழாவித்தான் தின்னும். இதப் போட்டா அறுத்துரும்" என்றாள். ஆற்று மணலுக்கு நான் எங்கே போவேன்? இன்றைக்கு ஒரு சாக்கு மணல் அள்ளினாலும் போலீஸ் வண்டி பின்னால் வரும். உன் அப்பாதான் யோசித்து, இந்த வீடு கட்டிய காலத்தில் மிஞ்சிய பழைய ஆற்று மணல் கொட்டகைக்குப் பின்னால் கிடப்பதைச் சொன்னார். அதில் கோழிகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. விரட்டிவிட்டு அள்ளினோம். ஊறுகாய்க்கு வைத்திருந்த வினிகரை மணலில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தாள். பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறதாம், அது மீனுக்கு ஆகாதாம், ஏற்கனவே நம் தண்ணீர் உப்பு. பொங்கவில்லை. ஒரு கண்டம் தாண்டியது என்று அவளுக்கு முன்னால் எனக்கு மூச்சு வந்தது.

பிறகு மணல் கழுவினோம். அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வராத நாள். வாளியில் பாதி மணல் போட்டு, தண்ணீர் ஊற்றி, கையால் கிளறி, கலங்கலைத் தென்னை மரத்துக்கு ஊற்ற வேண்டும். மறுபடி ஊற்ற, மறுபடி கிளற. தண்ணீர் டிரம் இறங்க இறங்க எனக்கு உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தது. நாளைக்கு மாட்டுக்கு என்ன செய்வது, இந்த இரண்டு பொடி மீனுக்கு இவ்வளவா என்று. அந்த எரிச்சலில் உன் கேள்வியை நானே அவளிடம் கேட்டுவிட்டேன். "ஏன் சாமி, நெசமாலுமே மீனுக்காகத்தான் ஊட்டை உட்டுப்போட்டு வந்தயா?"

அவள் கை நிற்கவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் ட்யூட்டி முடிச்சு வந்தப்ப எல்லாரும் சாப்பிட்டுட்டு இருந்தாகத்தே. மண்ணு எங்கன்னு கேட்டேன். குப்பையிலன்னாரு. கீழ போயிச் சாக்க அவுத்துக் கையால தோண்டுனேன். மேல கெடந்ததெல்லாம் காஞ்சு செத்திருந்துச்சு. அடியில ஈரத்துல ரெண்டு உசுரோட இருந்துச்சு. அத உள்ளங்கையில ஏந்திக்கிட்டு மேல வந்தேன். கையெல்லாம் மண்ணு, எல்லாரும் பாக்காக. அவரு அவுககிட்டச் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, 'லயத்துல வளந்ததுல்ல, மண்ணையும் குப்பையையும் விட மனசு வராது'ன்னு. மலையாளத்துல சொன்னாரு. எனக்குப் புரியக்கூடாதுன்னு இல்லத்தே, அவுகளுக்குப் புரியணும்னு. எல்லாரும் சிரிச்சாக."

நான் வாளியைக் கீழே வைத்துவிட்டேன். நீ எனக்கு மீன் கதை மட்டும் சொன்னாய். இதைச் சொல்லவில்லை. அன்றே அவளிடம் ஸாரி கேட்டாயாம், வேறு மீன் வாங்கித் தருகிறேன் என்றாயாம். மீனுக்குக் கேட்டிருக்கிறாய். சொன்ன சொல்லுக்குக் கேட்கவில்லை. அது சொல்லத்தக்க விஷயமாகவே உனக்குத் தோன்றவில்லை என்பதுதான் என்னைச் சுடுகிறது.

லயம் என்ற சொல் நம் வீட்டில் எப்போது முதலில் கேட்டது என்று உனக்கு மறந்திருக்காது. உன் கல்யாணப் பேச்சு எடுத்தபோதுதான். எஸ்டேட் வேலைக்காரர்களுக்கு ஒரே சுவரைப் பங்கு போட்டு வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகள் அவை. அவள் அதில் பிறந்து, அங்கிருந்து பஸ் பிடித்துப் படித்து, இன்று தன் சம்பளத்தில் நிற்கிறவள். வேறு மதம், வேறு ஊர், தோட்டத்து வேலைக் குடும்பம் என்று நம் சொந்தத்தில் யாருக்கும் இறங்கவில்லை. கல்யாணப் பந்தியில் உன் பெரியம்மா, "கடைசீல லயத்துக்காரிதான் கெடச்சாளா?" என்று கேட்டாள். நீ பாதிச் சோற்றில் கையை உதறிவிட்டு எழுந்தாய். "அவ ஊட்டைப் பத்தி இன்னொரு சொல்லு வந்துதுன்னா நான் இந்த ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னாய். அன்று எனக்கு உன் மேல் கோபம்தான். ஆனால் அதே கையோடு, இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றிருக்கிறோமே என்று ஒரு கர்வமும் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். பெரியம்மா சொன்னது அவளுக்கு வலித்திருக்காது கண்ணு. நீ பக்கத்தில் நின்றாய். இன்று அதே சொல்லை நீ எடுத்தபோது அவள் பக்கத்தில் யார் நின்றார்கள்?

மணல் கழுவிய அன்று சாயங்காலமே தொட்டியில் அதைப் பரப்பினோம். நான் தாராளமாகக் கொட்டப் போனேன். "ரெண்டு விரக்கட போதும்த்தே. கனமாப் போட்டா அடி கறுத்து அழுகிரும், முட்ட நாத்தம் அடிக்கும்" என்று தடுத்தாள். வாரத்தில் ஒருநாள் விரலால் மெதுவாகக் கிளறிவிட வேண்டுமாம். ஒரேயடியாகக் கிளறினாலும் கெடுதல், கிளறாமலே விட்டாலும் கெடுதல். தண்ணீரை நேராக ஊற்றினால் மணல் எழும்பும் என்று, என் எவர்சில்வர் தட்டை மணல்மேல் வைத்து அதன்மேல் ஊற்றினாள். தண்ணீர் தட்டில் விழுந்து சத்தமில்லாமல் வழிந்து இறங்கியது. அயிரைகளை விட்டோம். விட்ட வேகத்தில் இரண்டும் மணலுக்குள் போய்விட்டன. தொட்டி காலியாகக் கிடந்தது. எனக்கு உன்னுடைய குணம் வந்துவிட்டது. செத்துவிட்டதோ, ஒரு விரலை விட்டுப் பார்த்துவிடலாமா என்று கை பரபரத்தது. "வேணாம்த்தே, அதுகளே வரும்" என்றாள். இரண்டு பேரும் தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தோம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மணலில் ஒரு இடம் அசைந்தது. ஒரு மூக்கு, இரண்டு கண். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அவள் அழுதுவிட்டாள். வந்த நாளிலிருந்து அப்போதுதான் அழுதாள்.

நேற்றுப் பெரியம்மா வந்தாள். மோப்பம் பிடித்துக்கொண்டுதான் வந்திருப்பாள். தொட்டியைக் குனிந்து பார்த்து, "என்ன, வெறும் மண்ணைக் கண்ணாடிக்குள்ள வெச்சிருக்கறீங்க?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, தாழ்த்தின மாதிரித்தான், அடுக்களைக்குக் கேட்கும்படி, "புள்ளை தனியா வந்திருக்குதாமா? நான் அன்னிக்கே சொன்னனில்ல" என்றாள். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் என் வீட்டுக்குள் மூடலாமே. "என்ற மருமக அவ ஊட்டுக்கு வந்திருக்கறா. அதுக்கு ஊர்ல யாரைக் கேக்கோணுங்க்கா?" என்றேன். பெரியம்மா காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனாள். அவள் தெருவைத் தாண்டியதும் ஸ்டெல்லா வெளியே வந்து, ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதைச் சொன்னாள். "எனக்காக நீங்க எத்தன பேருக்குத்தே பதில் சொல்லுவீங்க?" என்றாள்.

நான் கேட்டேன், "அவன் வந்து கூப்பிட்டா?" "சும்மா கூப்பிட வரவேணாம்த்தே. என்னயத் தனியாக் கூட்டிட்டுப் போயி ஸாரி சொன்னா எனக்கு வேணாம். யாரு முன்னால சொன்னாரோ, அவுக முன்னால அது தப்புன்னு சொல்லட்டும். நான் கேக்குறது அம்புட்டுத்தான்." இது பெரிய ஆசை என்று நீ நினைக்கலாம். உன் அப்பாவைக் கேட்டுப்பார். நீ பிறப்பதற்கு முன்னால் ஒருநாள், பால் சொசைட்டி வரிசையில், நான் பாலில் தண்ணீர் கலந்தேன் என்று எல்லோர் முன்னாலும் என்னைச் சொல்லிவிட்டார். பால் நீர்த்துப்போனதற்குக் காரணம் மாட்டின் சீக்கு. வீட்டுக்கு வந்ததும் அவருக்கே தெரிந்துவிட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் கேனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அதே வரிசையில் போய் நின்று, "நேத்து நான் பேசினது தப்புங்க. மாட்டுக்கு மேலுக்கு ஆகலை. அவ மேல ஒண்ணும் குத்தமில்லீங்க" என்றார். சிரித்தவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில், "நெல்லைக் கொட்டுனா அள்ளலாம், சொல்லைக் கொட்டுனா அள்ள முடியாதுன்னு சொல்லுவாங்க. அள்ள முடியாட்டியும் குனிஞ்சாவது பாக்கோணுமில்ல" என்றார். அவரோடு இத்தனை வருஷம் நான் குடித்தனம் நடத்தியதற்கு அந்த ஒரு குனிவு போதும்.

நாளை வெள்ளிக்கிழமை. நீ ஆபீஸ் போவாய். அன்று உன் வீட்டில் சாப்பிட்டுச் சிரித்தவர்கள் அங்கேதான் இருப்பார்கள். அவர்களிடம் சொல், அவர்களுக்குப் புரிகிற பாஷையிலேயே சொல். கூச்சமாக இருக்கும். இருக்கட்டும். கை நிறைய மண்ணோடு அவள் அவர்கள் முன்னால் நின்றதைவிட அது ஒன்றும் பெரிய கூச்சமில்லை. சொல்லிவிட்டுச் சனிக்கிழமை இங்கே வா. சொல்லாமல் வராதே. புது மீன் வாங்கிக்கொண்டு வராதே.

நீ வராவிட்டால், ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாகப் போக மாட்டாள். நானும் அந்த பஸ்ஸில் ஏறுவேன். கல்யாணமாகி இவ்வளவு நாளாகியும் நம் வீட்டிலிருந்து ஒருவரும் அந்த லயத்து வாசலை மிதித்ததில்லை. மலைப்பாதையில் எனக்குத் தலை சுற்றும் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சுற்றினாலும் போவேன். அவள் அண்ணன் பதறிப்போய் நாற்காலி எடுத்துப் போடுவான். நான் உட்கார மாட்டேன். நின்றுகொண்டே, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி, "என்ற பையன் நாலு பேரு முன்னால உங்க ஊட்டைக் கேவலமாப் பேசிப்போட்டானுங்க. அது தப்புங்க" என்று சொல்வேன். அது நீ சொல்ல வேண்டிய சொல். அதை என் வாயால் சொல்ல வைத்துவிடாதே, சாமி.

உன் அம்மா